சொத்தை

குர்ஜானியில் அந்தக் குளிர்காலம்
ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம்.
எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.
வந்தவுடன் தெருவில் ஓடிவருவார்கள்,
கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
கக்கத்தில் விறகோ கோழியோ இடுக்கிக்கொண்டு.

உஷாங்கி ஓடவில்லை. நடந்து வந்தார்.
கீழ்க் கடைவாய்ப் பல், இடப்பக்கம்.
குருவானவர் பெசாரியோனின் மகன்.
முப்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டோடு
பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது.
காலை வணக்கம் உண்டு. அதற்கு மேல் கிடையாது.

தாய்மார்கள் கேட்பார்கள் என்னிடம்:
என் பல் இப்படி, பிள்ளைக்கும் வருமா?
தாடை வரும் என்பேன். நெருக்கம் வரும்.
எனாமல் மெலிந்திருந்தால் அதுவும் வரும்.
சொத்தை வராது.
அதை அவரவர்தான் சம்பாதிக்க வேண்டும்.

எங்கள் சபையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது:
ஆதாமிடமிருந்து வந்தது சாவு,
குற்றம் அவனுடையது.
பெரியவர்கள் தின்ற புளிப்புக்குப்
பிள்ளைகளுக்குப் பல் கூசும் என்ற பழம்பேச்சை
ஒரு தீர்க்கதரிசி அதட்டி நிறுத்தியதையும் கேட்டிருக்கிறேன்.
பல் மருத்துவர் என்ற முறையில்
எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது,
அப்பா இறந்து
அவருடைய தேனீக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்வரை.

தலைநகரில் ஆவணக் காப்பகம் எரிந்துவிட்டது.
ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது.
என் அப்பா அபிபோ ஒழுங்கான மனிதர்.
கார்பன் நகல் வைத்திருந்தார்.

"அக்டோபர் பதினான்கு, இரவு. மேற்படி பாதிரி
மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான்.
இடம்: திராட்சை மிதிக்கும் மரத்தொட்டி."
கீழே மூன்று பெயர்கள்.
மூன்றாவது, மக்வாலா.
நான். ஆறு வயது.
பலகையில் திராட்சைத் தோல் ஒட்டியிருந்தது.
தண்ணீர் இனித்தது, மூக்கில் ஏறியது.
பிறந்தபோதே வந்த கறை எதுவோ
அது போன அதே நிமிடம்
வேறொரு தாளில் என் பெயர் சாட்சியாக ஏறியிருக்கிறது.

அடுத்த கோடையில் எனக்குத் தோல் செருப்பு.
பிறகு பியானோ. பிறகு
மருத்துவக் கல்லூரியில் யாரும் கேள்வி கேட்காத ஓர் இடம்.
அப்பா விட்டுப்போன சொத்து இவ்வளவுதான்.

தாய்மார்களிடம் நான் முழுதும் சொல்வதில்லை.
சொத்தை ரத்தத்தில் வராது.
கரண்டியில் வரும்.
நக்கிப் பார்த்து, சூடு ஆற்றி,
அதே கரண்டியால் ஊட்டுகிறார்களே,
அந்த அன்பில் வரும்.

துளைக்கும் கருவி பாதியில் நின்றது.
விளக்கும் போனது.
உஷாங்கியின் வாய் திறந்தபடி, பஞ்சு வைத்தபடி.
அப்போது சொன்னேன்.
பதில் பேச முடியாத நேரம் பார்த்துச் சொன்னேன்,
அது என் சொந்தப் பாவம், யாரும் தந்ததல்ல.
நகல், தேதி, தொட்டி, செருப்பு.
பியானோவைச் சொல்லவில்லை.

இருட்டில் அவர் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது.
சொல்லா, எச்சிலா, தெரியவில்லை.
பஞ்சை அவரே எடுத்தார். துப்பினார்.
"ஏழு வருடம் கழித்து அப்பா திரும்பியபோது
வாயில் ஒரு பல் இல்லை.
கூசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை."
பிறகு வெகுநேரம் கழித்து,
"ஜெபத்தில் உன் பெயரைச் சொல்வார்.
தொட்டியில் ரொம்பத் துள்ளியது நீதானாம்."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தற்காலிகமாக அடைத்தேன்.
பணம் வேண்டாம் என்றேன்.
அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது:
"ஒரு பல்லுக்கா என்னை மன்னிப்பை விற்கச் சொல்கிறாய்?"
ஆறு முட்டையில் மூன்றை மேசையில் வைத்தார்.
மீதி, வேலை முடிந்தபின்.

வியாழன் வரை தாங்கும் என்றேன்,
அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்.
மின்சாரம் இருந்தால் வருகிறேன் என்றார்.